கூட்டணிக்குச் சமைத்தவள்

மூக்கம்மா யாரையும் வாய்விட்டுத் திட்ட மாட்டாள். ஒருவரைப் பிடிக்காவிட்டால் மூக்கை ஒருபக்கமாகச் சுளித்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கொடைக்கானலில் மலைத்தோழமைச் சங்கத்தின் அடுக்களையில் அவள் இருந்த வருஷங்களில் அந்த மூக்கு நேராக இருந்த நாட்கள் குறைவு.

அவள் இந்த மலையில் பிறந்தவள் இல்லை. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வீரையாவைக் கட்டிக்கொண்டவள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில் அவளும் வீரையாவும் இந்தியாவின் பங்குக்கு விழுந்தார்கள். ஒரே மகள் அன்னக்கொடியைக் கட்டிக்கொடுத்த குடும்பமோ இலங்கையின் பங்கு. எழுபத்து நாலில் கப்பலேறும்போது மகள் கரையில் நின்றாள், அவ்வளவுதான். மண்டபம் முகாமிலிருந்து ஒரு லாரி இவர்களைக் கொடைக்கானல் மேல்மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்து, வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற வேலையில் விட்டது. மூன்றாவது குளிரில் வீரையா நெஞ்சுச்சளி முற்றிச் செத்துப்போனான். மூக்கம்மா டவுனுக்கு வந்து, பாம்பார்புரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டு, விறகு பொறுக்கி விற்றாள்.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி கார்த்திகையில் மலையே இடிந்து விழுகிற மாதிரி மழை பெய்தது. குடிசைகள் சரிந்தன. அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பளி நூல் கடை வைத்திருந்த சுவாமிநாதன் என்பவர் கடைக்குக் கடை ஏறி இறங்கி அரிசியும் பழைய கம்பளியும் வாங்கி, பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். சமைக்க ஆள் தேடியபோது வந்து நின்றவர்களில் மூக்கம்மாவும் ஒருத்தி. அந்த மழையில் அவர் செய்தது நல்ல காரியம். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. வத்தலக்குண்டிலிருந்து வந்த அந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொதிக்கிற அண்டாவின் ஒரு காதைத் தான் பிடித்துத் தூக்கியதைக் கண்ணால் கண்டவள் அவள். அதனாலேயே பிற்பாடு அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் கூடிற்று. கெட்ட ஆளைப் பார்த்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

மழை ஓய்ந்தபின் சுவாமிநாதன் மலைத்தோழமைச் சங்கத்தைப் பதிவு செய்தார். இரண்டு மூன்று வருஷம் அது நூல் கடையின் பின்னறையில் ஓடிற்று. பிறகு சீசனுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, உலகத்தில் நாற்பது நாடுகளில் இப்படிப்பட்ட தர்ம ஸ்தாபனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருக்கின்றன, நீங்களும் சேருங்கள் என்றார். சேர்ந்தார்கள்.

சேர்ந்ததில் சங்கத்துக்கு வந்த லாபத்தை மூக்கம்மா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நூல் கடைப் பின்னறை போய் ஏரிக்கு மேலே ஓடு வேய்ந்த பங்களா வந்தது. டைப்ரைட்டர் வந்தது. ஜீப் வந்தது, அதை ஓட்ட மயில்சாமி வந்தான். கலெக்டர் ஆபீசில் முன்பெல்லாம் சுவாமிநாதனை வெளிவாசலில் நிறுத்தி வைப்பார்கள். இப்போது நாற்காலி போட்டார்கள். ஜீப்பின் கதவிலும், வாசல் பலகையிலும், சுவாமிநாதனின் கோட்டுப் பொத்தானிலும் கூட்டணியின் சின்னம் வந்தது. இரண்டு கைகள் ஒரு உலக உருண்டையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூக்கம்மா மயில்சாமியிடம் சொன்னாள்:

"ஒலகத்தையே தூக்குறாக. இப்ப அண்டாவத் தூக்கச் சொன்னா ஆள் இல்ல."

கூட்டணியிலிருந்து சாமான்களும் வந்தன. ஒருமுறை மூட்டை மூட்டையாகக் கொசுவலை வந்து இறங்கிற்று. அந்தக் குளிரில் கொசு எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு சதுப்பு நாட்டுக்குப் போக வேண்டியதை இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். சுவாமிநாதன் அதையும் விழா வைத்துக் கொடுத்தார். வாங்கிப்போன ஜனங்கள் பிளம்ஸ் மரங்களுக்குப் போர்த்திக் குருவியை விரட்டினார்கள். இன்னொரு முறை பேரிடர்ப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். மார்கழி மாதம், புல்லெல்லாம் உறைபனி. வெயிலில் மயங்கி விழுந்தவனுக்கு எப்படி ஈரச்சாக்கு போர்த்துவது என்று அவர் செய்து காட்டினார். மயங்கி விழுந்தவனாகப் படுத்தவன் மயில்சாமி. அவன் அடுத்த மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். மூக்கம்மா அவனுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பயிற்சி நல்லபடியாக முடிந்தது என்று கூட்டணிக்குத் தகவல் போயிற்று.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. வருகிற விருந்தாளிகளையெல்லாம் சுவாமிநாதன் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களைக்கு அழைத்துவந்து அவளைக் காட்டுவதுதான் பொறுக்கவில்லை. தோட்டம், கப்பல், வீரையாவின் சாவு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்வார். முதல் வருஷம் அவளை 'விக்டிம்' என்றார். கூட்டணியின் கூட்டத்துக்கு ஒருதரம் போய்வந்த பிறகு 'பெனிஃபிஷியரி' என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வார்த்தைக்கும் விருந்தாளிகள் தலையை ஒரே மாதிரிதான் சாய்த்தார்கள்.

மகளிடமிருந்து ஆரம்பத்தில் காகிதம் வந்துகொண்டிருந்தது. எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தில் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை எரித்துவிட்டார்கள் என்றும், மருமகன் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்கிறான் என்றும், ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்திருக்கிறார்கள் என்றும் அதிலிருந்து அறிந்தாள். எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அவள் சுவாமிநாதனிடம் போய்க் கேட்டாள். நாற்பது நாட்டில் ஆள் இருக்கிறதே, ஒரு வார்த்தை விசாரிக்கக்கூடாதா என்று. "சொல்லியிருக்கேன் மூக்கம்மா, பாத்துக்குவாங்க" என்றார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள். சொல்லியிருப்பதாகவே சொன்னார். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் மோசம் செய்ய நினைத்தவர் இல்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாகப் பட்டது.

எண்பத்து நாலு மே மாதம் கூட்டணியின் ஆசிய மாநாடு கொடைக்கானலில் கூடிற்று. எத்தனையோ ஊர் இருக்கக் கொடைக்கானலை ஏன் பிடித்தார்கள் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கீழே வெயில் கொளுத்திற்று, மேலே ஏரியில் படகு ஓடிற்று. வறுமை ஒழிப்பைப் பற்றிக் காலையில் பேசிவிட்டு மத்தியானம் குதிரை ஏறினார்கள். மூக்கம்மாவுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தும் அடுப்பு அணையவே இல்லை.

இரண்டாம் நாள் சுவாமிநாதன் அவளை மேடையேறச் சொன்னார். ஸ்வெட்டர் போட வேண்டாம், பழைய சேலையே கட்டிக்கொண்டு வா என்றார். அவள் பெட்டியில் இருந்த ஒரே நல்ல சேலையை எடுத்துக் கட்டி, ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு போனாள். அவர் முகம் கடுத்தது. ஆனால் சபை கூடிவிட்டது, திருப்பி அனுப்ப நேரமில்லை.

நீ தமிழில் சொல், நான் இங்கிலீஷில் சொல்கிறேன் என்று ஏற்பாடு. அவள் ஒலிபெருக்கியைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"எம் மக அன்னக்கொடி வவுனியாவுல இருந்தா. போன ஆடியில இருந்து ஒரு சேதியும் இல்ல. இங்க இருக்கிறவுக யாராச்சும் விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

சுவாமிநாதன் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். குரல் தழுதழுத்தது. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தான் கேட்டதை அவர் அவர்களிடம் கேட்கவே இல்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. ஒரு கேள்வி காதில் விழுந்தவர்கள் யோசிப்பார்கள், இல்லையென்று தலையாட்டுவார்கள், பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். கைதட்ட மாட்டார்கள்.

அவள் மேடையிலிருந்து இறங்கி நேரே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டீ கலக்கினாள்.

டீத் தட்டோடு வந்தபோது ஒரு பெண் வழிமறித்தாள். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு, கண்டிச் சிங்களப் பெண்கள் கட்டுகிற ஒசரிக் கட்டில் சேலை. "அம்மே" என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினாள். கண்டியிலிருந்து வந்திருப்பதாகவும் பெயர் குசுமா என்றும் சொன்னாள். தனக்குத் தமிழ் சரியாக வராது, ஆனால் நீங்கள் பேசும்போது வவுனியா என்ற பெயர் காதில் விழுந்தது. அவர் இங்கிலீஷில் பேசியதில் அந்த ஊர் வரவே இல்லையே, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

மூக்கம்மா டீத் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். பத்து வருஷமாக அந்தப் பாஷை அவள் வாயில் வரவில்லை. தோட்டத்துக் கடைவீதியில் அந்தப் பாஷையில் சிரித்துப் பேசியிருக்கிறாள். அந்தப் பாஷை பேசியவர்கள்தான் லயத்துக்குத் தீ வைத்தார்கள். குசுமாவின் மெலிந்த முகத்தையும் பரிவான கண்ணையும் பார்த்து அவளுக்கு வெறுப்புத்தான் வந்தது. தோட்டத்துத் துரைசாணியைக் கூப்பிடுகிற மாதிரி நோனா என்று கூப்பிட்டு, சிங்களத்திலேயே சொன்னாள், தேடிப் பிடித்த வார்த்தைகளில்: "எம் மக எங்கன்னு உங்க ஆளுகளைக் கேளுங்க நோனா. அவங்கதான் வெரட்டுனாங்க."

குசுமா மறுத்துப் பேசவில்லை. நாங்கள் அப்படியில்லை என்று ஆரம்பிக்கவும் இல்லை. மகளின் பெயர் என்ன என்றாள். மருமகன் பெயர், பிள்ளைகளின் வயசு, முன்பிருந்த தோட்டம், காகிதம் கடைசியாக எந்த ஊர் முத்திரையோடு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதையெல்லாம் மூக்கம்மா சொன்னாள். நம்பிக்கை வந்து சொல்லவில்லை. இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் சொன்னாள்.

மாநாடு முடிகிறபோது சுவாமிநாதனைத் தென்னாட்டு அமைப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் அவர் மொழிபெயர்த்த விதம் எல்லார் மனதையும் உருக்கிவிட்டதாம். அன்று சாயங்காலம் அவர் அடுக்களைக்கு வந்து, வெளியூர் பிரதிநிதிகளிடம் நேரடியாக எதுவும் பேசக்கூடாது, எதுவானாலும் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும் என்று கண்டித்தார். மூக்கம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு பாத்திரம் விளக்கினாள்.

எட்டு மாதம் போயிற்று. அவள் எதிர்பார்க்கவில்லை, அதனால் ஏமாறவும் இல்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு முற்பகலில் ஆபீசில் டெலிபோன் மணி அடித்தது. கண்டியிலிருந்து டிரங்கால். சுவாமிநாதன் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வேண்டாவெறுப்பாக அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். அந்த அம்மாள் உன்னிடம்தான் பேசுவாளாம் என்று ரிசீவரை நீட்டினார்.

இரைச்சலுக்கு நடுவே குசுமாவின் குரல் வந்தது. கண்டிக் கிளையில் அவளோடு இருப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் லாரியில் தொற்றிக்கொண்டு வவுனியா போயிருக்கிறார். அங்கே கூட்டணியைச் சேர்ந்த ஒரு வாத்தியார், கலைந்துபோன குடியிருப்புகளின் ஜனங்களை முகாம் முகாமாகப் போய் விசாரித்ததில், அன்னக்கொடி மன்னார்ப் பக்கம் போனது தெரிந்தது. மன்னாரில் ஒரு கன்னியாஸ்திரீ மீன்பிடிக் கிராமங்களில் கேட்டுப்பார்த்து, அவளும் இரண்டு பிள்ளைகளும் படகேறியதைக் கண்டுபிடித்தார். பிறகு குசுமா மதராஸ் கிளையைப் பிடித்து மண்டபம் முகாமில் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். இருக்கிறாள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சீக்கிரம் போங்கள் அம்மே என்று குசுமா சொல்லும்போது லைன் அறுந்துவிட்டது.

மூக்கம்மா ரிசீவரை வைக்கத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். நோனாவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றிற்று.

சுவாமிநாதனின் முகம் மலர்ந்திருந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பார்த்தாயா கூட்டணியின் பலத்தை என்றார். பிறகு மேஜைக் காலண்டரைப் புரட்டினார். மாசி மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு ஐரோப்பிய அம்மாள் வருகிறார், போட்டோ எடுக்கிறவரும் கூட வருகிறார், அவர்களோடு எல்லாருமாக மண்டபம் போவோம், தாயும் மகளும் சேருகிற காட்சியை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

"நாளைக்கே போனா என்னங்க?" என்றாள் மூக்கம்மா.

"இத்தனை வருஷம் பொறுத்தவ, இன்னும் மூணு வாரம் பொறுக்க மாட்டியா? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும்."

அவள் அடுக்களைக்குப் போய் அன்றையச் சமையலை முடித்தாள்.

மயில்சாமிக்கு அந்த வாரம் ஜீப்பை மதுரையில் பட்டறைக்குக் கொண்டுபோகிற வேலை இருந்தது. அவன் நல்லவன் என்று மூக்கம்மா அதுவரை நினைத்ததில்லை. சோம்பேறி, பீடி குடிக்கிறவன் என்று அவனையும் ஒரு சுளிப்போடுதான் வைத்திருந்தாள். அவனே வந்து சொன்னான்.

"யக்கா, நாளைக்கு வெள்ளனே கெளம்புறேன். மதுரையில இருந்து மண்டபம் ஒரு எட்டுத்தான். ஏறிக்கிறியா?"

"ஒன் சோலி போயிரும்டா."

"போனாப் போகுது. ஈரச்சாக்குல படுக்குற சோலிதான?"

முகாம் வாசலில் கூட்டம் நின்றது. உறவைத் தேடி வந்தவர்கள். ஒவ்வொருவரையும் காவல்காரன் நாளைக்கு வா, அதிகாரி இல்லை என்று விரட்டிக்கொண்டிருந்தான். ஜீப் வந்து நின்றது. கதவில் இருந்த இரண்டு கையையும் உருண்டையையும் காவல்காரன் பார்த்தான். யார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வழியை மறித்திருந்த கம்பைத் தூக்கிவிட்டுச் சலாம் வைத்தான். பின் சீட்டில் மூக்கம்மா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். வெளியில் நின்ற ஜனங்களின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவர்கள் கும்பலில்தான் அவள் நின்றிருக்க வேண்டும்.

அன்னக்கொடி குழாயடியில் இருந்தாள். அம்மாவை அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். மூக்கம்மாவுக்கு அந்த ஒட்டிய கன்னமும் வெட்டிய முடியும் யாருடையதோ மாதிரி இருந்தது. மகள் குடத்தைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து, அழாமல் சொன்னாள்:

"அவரு இல்லம்மா. வழியிலேயே போய்ட்டாரு."

"புள்ளைக?"

"இருக்குதுக."

பிறகு இரண்டு பேரும் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது; பின்னால் நின்றவள் ஒருத்தி வந்து அதை மூடினாள். யாரும் கைதட்டவில்லை.

கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. முகாமுக்கு வெளியே தங்க வேண்டுமானால் ஒரு ஸ்தாபனம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். எந்த ஸ்தாபனம் என்று மூக்கம்மா கேட்கவில்லை.

திரும்பி வந்து சுவாமிநாதன் முன்னால் நின்றாள். அவர் கோபிக்கவில்லை, புண்பட்டார். நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்றார். மயில்சாமியை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். கையெழுத்துக்கு மறுக்கவும் இல்லை. அந்த ஐரோப்பிய அம்மாள் வரும்போது போட்டுவிடலாம், எல்லாம் ஒன்றாக முடியட்டும் என்றார். அதாவது அவர் கணக்கில் முதல் சந்திப்பு இன்னும் நடக்கவில்லை.

மாசியில் எல்லாரும் போனார்கள். ஐரோப்பிய அம்மாள் தொப்பி வைத்திருந்தார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார், நல்லவராகவே தெரிந்தார். போட்டோக்காரர் வெளிச்சம் பார்த்து இடம் குறித்தார். அன்னக்கொடி அந்தக் கோடியிலிருந்து ஓடிவர வேண்டும், மூக்கம்மா கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் தடவை ஓடியதில் பையன் குறுக்கே வந்துவிட்டான். இரண்டாம் தடவை மூக்கம்மாவின் முகம் சரியில்லை என்றார்கள். மூன்றாம் தடவைக்கு நிற்கும்போது அன்னக்கொடி கேட்டாள், எதுக்கும்மா இது என்று.

"ஓடு தாயி. இதுவும் ஒரு கொழுந்தெடுப்புன்னு நெனச்சுக்க. தராசுல நெறுவை முடிஞ்சா விட்ருவாக."

மகள் ஓடிவந்தாள். மூக்கம்மா கட்டிக்கொண்டாள். அந்தத் தடவை அவளுக்கு அழுகை வந்துவிட்டது, பொய்யாக இல்லை, அதுதான் அவளுக்கு மகா அவமானமாக இருந்தது. போட்டோக்காரருக்குத் திருப்தி. சுவாமிநாதன் ஜீப் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படம் அடுத்த வருஷக் காலண்டரில் நாற்பது நாடுகளுக்கும் போயிற்று. பங்களாவுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. 'பிரிந்த குடும்பங்களை இணைக்கும் மையம்' என்று பலகை மாட்டினார்கள். சுவாமிநாதன் அதைப் பற்றிப் பேச ஜெனீவாவுக்குப் போய்வந்தார். இன்னொரு குடும்பத்தை அந்த மையம் இணைத்ததா என்றால், ஒன்றிரண்டு இணைத்திருக்கலாம், மூக்கம்மா கேள்விப்படவில்லை.

அவள் அடுக்களையை விட்டுவிட்டாள். மகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பூம்பாறைக்குப் போய், வேலுச்சாமி என்ற சம்சாரியின் தோட்டத்தில் பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கூலிக்கு நின்றாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அன்னக்கொடிக்குக் குளிர் ஒத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. ராத்திரியில்கூடப் பேசாத விஷயங்கள் அவளிடம் நிறைய இருந்தன; தாய் கேட்கவில்லை.

எண்பத்தெட்டில் சங்கத்துக்குப் பத்தாண்டு நிறைவு விழா. மயில்சாமி ஜீப்பை எடுத்துக்கொண்டு பூம்பாறைக்கு வந்தான். தாயும் மகளும் மேடையில் வந்து நின்றால் போதுமாம், வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். மூக்கம்மா பாத்தியில் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"அந்தக் கண்டி நோனா வருதா?"

மயில்சாமி தலையைச் சொறிந்தான். கண்டிக் கிளையைக் கூட்டணியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றான். மூன்று வருஷமாக அவர்கள் ஆண்டறிக்கை அனுப்பவில்லையாம். அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது.

மூக்கம்மா கையிலிருந்த பூண்டை மண் போக உதறினாள்.

"அப்ப எனக்கு அங்க என்ன சோலி?" என்றாள். அவனுக்கு ஒரு துண்டு நிறையப் பூண்டு கட்டிக் கொடுத்து, மழை வருகிற மாதிரி இருக்கிறது, வெரசாப் போய்ச் சேரு என்று அனுப்பிவைத்தாள்.